ராத்திரி குடித்தவரைக் காலையில் பிடிப்பது நியாயமா?

நீங்கள் எழுதியதில் இரண்டு விஷயம் இருக்கிறது. ஒன்று உங்கள் மாமாவின் கதை. களுவாஞ்சிக்குடிப் பக்கம் காலை ஆறரை மணிக்கு மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போனவரைப் பொலிஸார் மறித்து, மது குடித்தாரா என்று பார்க்கும் பலூனை ஊதச் சொல்லியிருக்கிறார்கள். நிறம் மாறிவிட்டது, வழக்கும் போட்டாயிற்று. அவர் குடித்தது முதல் நாள் இரவு, கல்யாண வீட்டில், அரைப் போத்தல் சாராயம். விடிந்த பிறகு ஒரு சொட்டும் தொடவில்லை. மற்றது உங்கள் கோபம். வெள்ளி, சனி வந்தால் பாலத்தடியில் நின்று ஏழைகளை மறிக்கிறார்களே, இதனால் விபத்து குறைகிறதா, தண்டப்பணம் சேர்க்கும் வேலைதானா என்கிறீர்கள். மாமாவின் கதையைச் சாட்சிக்கு வைத்து இரண்டாவதைத்தான் நீங்கள் உண்மையில் கேட்கிறீர்கள் என்று எனக்குப் படுகிறது. ஆனாலும் முதலாவதைத் தீர்க்காமல் இரண்டாவதற்குப் போக முடியாது.

நான் வைத்தியன். மட்டக்களப்பு, அம்பாறை இரண்டு மாவட்டங்களிலும் அவசர சிகிச்சைப் பிரிவுகளில் இருபது வருடத்துக்கு மேல் இரவுக் கடமை செய்திருக்கிறேன். அடிபட்டு வருகிறவரும் எங்களிடம்தான் வருவார், குடித்துவிட்டு வாகனம் ஓட்டினார் என்று பொலிஸார் கூட்டிவருகிறவரும் எங்களிடம்தான் வருவார். சில இரவுகளில் இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் கிடப்பார்கள். அதனால் உடம்பைப் பற்றியும் சோதனையைப் பற்றியும் உறுதியாகச் சொல்லுவேன். வழக்கை எப்படி நடத்துவது என்பதைச் சட்டத்தரணியிடம் கேளுங்கள், அது என் தொழில் இல்லை.

மாமாவின் கணக்கைப் பார்ப்போம். எங்கள் சாராயத்தில் நூற்றுக்கு 33.5 பங்கு அற்ககோல். அரைப் போத்தல் 375 மில்லி. அதில் சுத்த அற்ககோல் ஏறத்தாழ 100 கிராம் வரும். 60 கிலோ எடையுள்ள ஆண் அதைக் குடித்தால் 100 மில்லி இரத்தத்தில் கிட்டத்தட்ட 240 மில்லிகிராம் என்ற அளவுக்கு ஏறும். ஈரல் அதை எரிக்கிற வேகம் மணிக்குச் சுமார் 15 மில்லிகிராம். இரவு ஒன்பதரைக்குத் தொடங்கினார் என்று வையுங்கள். காலை ஆறரைக்கு 9 மணித்தியாலம் ஆகிறது, 135 கழியும். மிச்சம் 105. இலங்கைச் சட்டம் வைத்திருக்கும் எல்லை 80. ஆகவே மாமா பொய் சொல்லவில்லை, பலூனும் பொய் சொல்லவில்லை. அவர் 80க்குக் கீழே இறங்க எட்டு மணி தாண்டியிருக்க வேண்டும். முழுதாக வெளியேற மத்தியானச் சாப்பாட்டு நேரம் ஆகும்.

இந்தக் கணக்கு ஆளுக்கு ஆள் மாறும். எடை, சாப்பிட்டாரா இல்லையா, ஆணா பெண்ணா, தினம் குடிக்கிறவரா என்பதையெல்லாம் பொறுத்து முன்பின் ஆகும். தினம் குடிக்கிறவரின் ஈரல் கொஞ்சம் வேகமாக எரிக்கும், எப்போதாவது குடிக்கிறவருக்கு மெதுவாகத்தான் போகும். அதனால் 105 என்ற இலக்கத்தைப் பிடித்துக்கொண்டு யாரோடும் வாதாட வேண்டாம். ஆனால் ராத்திரி நிறையக் குடித்தவர் காலையில் இன்னும் வெறியில் இருக்கலாம் என்பதில் சந்தேகமே இல்லை. நித்திரை கொண்டால் அற்ககோல் போய்விடும் என்று எங்கள் ஆட்கள் நம்புகிறார்கள். நித்திரையில் போவது களைப்புத்தான், ஈரலின் வேகம் அப்படியே இருக்கும். தேசிக்காய்த் தண்ணீர், மோர், கறுப்புக் கோப்பி, கிணற்றில் பத்து வாளி முழுக்கு, வெற்றிலை, எல்லாவற்றையும் செய்துவிட்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். வெற்றிலை வாய் மணத்தை மாற்றும், அவ்வளவுதான். பலூனுக்குள் போவது நெஞ்சின் அடியிலிருந்து வரும் காற்று. இரத்தத்தில் உள்ளது அதில் இருக்கும்.

பியர் குடிப்பதைக் குடியாகவே எண்ணாத இன்னொரு கூட்டம் உண்டு. 8.8 வீத ஸ்ட்ரோங் பியர் 625 மில்லி போத்தல் ஒன்று, கால் போத்தல் சாராயத்துக்குக் கிட்ட வருகிறது. கால் போத்தலே அந்த 60 கிலோ ஆளை 80க்கு மேலே கொண்டுபோய், இரண்டரை மணித்தியாலம் அங்கேயே வைத்திருக்கும்.

அந்தப் பலூனைப் பற்றியும் கொஞ்சம். பைக்கு முன்னால் இருக்கும் கண்ணாடிக் குழாயில் மஞ்சள் நிறப் பளிங்குத் துகள் இருக்கும். அற்ககோல் பட்டால் அது பச்சையாகும். பச்சை குழாயில் உள்ள கோட்டைத் தாண்டினால் எல்லையைத் தாண்டிவிட்டீர்கள் என்று அர்த்தம். அது ஒருமுறை பாவிக்கிற பொருள், காலாவதித் திகதியும் உண்டு. முத்திரை உடைக்காத குழாயை உங்கள் முன்னால் திறக்கும்படி மரியாதையாகக் கேட்கலாம், நல்ல உத்தியோகத்தர் கேட்காமலே அப்படித்தான் செய்வார். கடைசி மிடறு குடித்து 15 நிமிடத்துக்குள் ஊதினால் வாயில் தங்கியிருக்கும் அற்ககோலும் சேர்ந்து கூடுதலாகக் காட்டலாம். மாமாவுக்கு அது பொருந்தாது. ஊத மறுத்தால் தப்பிவிடலாம் என்று சொல்லிக்கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். அதைக் கேட்காதீர்கள். மறுப்பு உங்களுக்கு எதிராகவே நிற்கும், வைத்தியரிடம் கொண்டுபோகவும் அவர்களால் முடியும்.

அப்படிக் கொண்டுவரும்போது எங்கள் கையில் ஒரு சட்ட மருத்துவப் படிவம் தருவார்கள். மணம் இருக்கிறதா என்பது ஒரு கேள்வி, மதுவின் பாதிப்பில் இருக்கிறாரா என்பது வேறு கேள்வி. இரண்டும் ஒன்றல்ல. மணக்கும் ஆள் நிதானமாக இருக்கலாம். நேர்கோட்டில் நடக்கச் சொல்லுவோம், விரலால் மூக்கைத் தொடச் சொல்லுவோம், கண்மணி எப்படி ஆடுகிறது என்று பார்ப்போம், பேச்சுக் குழறுகிறதா என்று கேட்போம். இதெல்லாம் பத்து நிமிட வேலை. ஆனால் முதலாவதாகச் செய்ய வேண்டியது விரலில் ஒரு குத்து. இதை நான் ஒரு தவறிலிருந்து கற்றேன்.

தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு இரவு, ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு ஆட்டோக்காரரைக் கூட்டிவந்தார்கள். ஆட்டோ மதிலில் ஏறியிருந்தது. ஆள் வேர்த்துக் கொட்டிக்கொண்டு, கெட்ட வார்த்தையால் ஏசிக்கொண்டு, நிற்க முடியாமல் தள்ளாடினார். சட்டையில் சாராய மணமும் இருந்தது. பொலிஸாரும் சிரித்தார்கள், நானும் படிவத்தை எடுத்து எழுதத் தொடங்கிவிட்டேன். பக்கத்தில் நின்ற தாதி, என்னைவிட பதினைந்து வருடம் மூத்தவர், "டொக்டர், சீனி பார்த்தீங்களா?" என்று மட்டும் கேட்டார். பார்த்தால் 38, ஆபத்தான அளவுக்குக் குறைவு. குளுக்கோஸ் ஊசி போட்டு ஐந்து நிமிடத்தில் ஆள் எழும்பி இருந்து, ஆட்டோ எங்கே, ஏற்றிவந்த அக்கா எங்கே என்று கேட்டார். சீனி வருத்தத்துக்குக் குளிசை போட்டுவிட்டு இரவுச் சாப்பாடு சாப்பிடாமல் ஓடியிருக்கிறார். சட்டையில் மணந்தது அவருடைய ஆட்டோவில் யாரோ ஊற்றிய சாராயம். அன்று முதல் யாரைக் கூட்டிவந்தாலும் சீனி பார்க்காமல் நான் பேனாவைத் தொடுவதில்லை. தலையில் அடிபட்டவரும் இதே மாதிரித்தான் தள்ளாடுவார். "வெறியில கிடக்கிறார், தெளியட்டும்" என்று ஓரமாகப் போட்ட ஆள், விடியும்போது மூளைக்குள் இரத்தக் கசிவோடு கிடந்ததும் உண்டு. பிடிப்பது பொலிஸாரின் வேலை, அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் தள்ளாடுகிறவர் எல்லோரும் குடித்தவர் அல்ல.

சரி, உங்கள் பெரிய கேள்விக்கு வருகிறேன். சோதனையால் விபத்து குறையுமா? குறையும். இது உலகம் முழுவதும் பார்த்தறிந்த விஷயம். அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 1982 டிசம்பரில் எழுமாற்றுச் சோதனை தொடங்கினார்கள். சந்தேகப்பட்ட ஆளை மட்டும் அல்ல, மறித்த எல்லோரையும் ஊதச் சொன்னார்கள். ஏழையா பணக்காரரா, மோட்டார் சைக்கிளா காரா என்று பார்க்கவில்லை. உயிரிழப்பு விபத்துகள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்தன. அங்கே வேலை செய்தது பிடிபட்டவர்களின் எண்ணிக்கை அல்ல. "இன்றைக்கு நானும் மறிக்கப்படலாம்" என்ற எண்ணம் குடிக்க உட்காரும்போதே மனதில் வந்ததுதான் காரணம். எத்தனையோ பேர் அன்று வாகனத்தை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனார்கள். அவர்கள் எந்தக் கணக்கிலும் வரமாட்டார்கள்.

இதிலிருந்து நான் புரிந்துகொண்டது இதுதான். தண்டத்தின் அளவு அவ்வளவு முக்கியம் இல்லை, பிடிபடுவோம் என்ற நிச்சயம்தான் முக்கியம். எங்கள் நாட்டில் குடித்து ஓட்டினால் 25,000 ரூபாய்க்குக் குறையாத தண்டம். தபாற்கந்தோரில் கட்டி முடிக்கிற சீட்டும் இல்லை, நீதவான் முன்னால் போய் நிற்க வேண்டும். சாரதி அனுமதிப்பத்திரத்தை இடைநிறுத்தலாம், சிறைக்கும் இடம் உண்டு. கூலிவேலைக்குப் போகிற ஆளுக்கு 25,000 சின்னக் காசு இல்லை. அப்படியும் ஏன் குடித்துவிட்டு ஓட்டுகிறார்கள்? எந்த இடத்தில் எத்தனை மணிக்கு மறிப்பார்கள் என்று ஊருக்கே தெரியும். தெரியாதவருக்கு வட்ஸ்அப் குழுவில் வந்துவிடும். தண்டத்தை ஒரு லட்சம் ஆக்கினாலும், பாலத்தடியில் இரவு பத்து மணிக்கு மட்டும் நின்றால், பதினொன்றுக்குப் போகிறவர் சிரித்துக்கொண்டுதான் போவார்.

எங்கள் பகுதியின் நிலம் வேறு ஒரு வசதியைப் பொலிஸாருக்குக் கொடுத்திருக்கிறது. வாவி ஊரை இரண்டாகப் பிளக்கிறது. கிழக்கே கடல் பக்கமுள்ள எழுவான்கரையிலிருந்து மேற்கே வயல் பக்கமுள்ள படுவான்கரைக்குப் போக வேண்டுமென்றால் வலையிறவு, மண்முனை, பட்டிருப்பு என்று எண்ணிச் சொல்லக்கூடிய பாலங்கள்தான். மட்டக்களப்பு நகரிலிருந்து தெற்கே இறங்க கல்லடி. ஒரு பாலத்தில் ஐந்து பேர் நின்றால் பாதி ஊரைப் பார்த்துவிடலாம். 2014இல் மண்முனைப் பாலம் திறக்கும் முன்னர் அங்கே பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவைப் படகில்தான் ஏறி அக்கரை போவார்கள். இரவில் பாதை நின்றுவிடும். அதனால் ஆரையம்பதிப் பக்கம் குடித்தவர் அக்கரைக்குத் திரும்ப வழியில்லாமல், சொந்தக்காரர் வீட்டுத் திண்ணையில் சுருண்டுவிடுவார். பாலம் வந்த பிறகு அவரும் மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறார். பாலம் வேண்டாம் என்று சொல்லவில்லை, அதே பாலத்தால் எத்தனை பிரசவத் தாய்மார் நேரத்துக்கு ஆஸ்பத்திரி வந்து சேர்ந்தார்கள் என்பதும் எனக்குத் தெரியும். பாலத்தில் சோதனைக்கு ஆள் நிறுத்துவதற்கு ஒரு நியாயம் இருக்கிறது என்று மட்டும் சொல்கிறேன்.

பாலச் சோதனையின் குறையும் அங்கேதான் இருக்கிறது. படுவான்கரைக்குள்ளேயே கசிப்பு என்கிற கள்ளச் சாராயத்தைக் குடித்துவிட்டு அடுத்த கிராமத்துக்குப் போகிறவர் எந்தப் பாலத்தையும் தாண்டுவதில்லை. வயல் வீதியில் வெளிச்சம் கிடையாது. கட்டாக்காலி மாடு நடுவீதியில் படுத்துக் கிடக்கும், பின்விளக்கில்லாத லேண்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் பெட்டியோடு நெல் ஏற்றிப் போகும். நிதானமான ஆளுக்கே கஷ்டமான வீதி. என் கட்டிலுக்கு வந்தவர்களில் பலர் பிரதான வீதியில் அடிபட்டவர்கள் அல்ல, இப்படிப்பட்ட உள்வீதியில் மாட்டிலோ மரத்திலோ தானாகவே மோதியவர்கள், பெரும்பாலும் ஹெல்மெட் இல்லாமல். "பக்கத்துக்குத்தானே போறேன்" என்பதுதான் எல்லோரும் சொல்லும் வார்த்தை. அங்கே பொலிஸ் வாகனம் மாதத்தில் இரண்டு இரவு, எந்த இரவு என்று யாருக்கும் தெரியாமல் போய் நின்றால், பாலத்தில் இருபது இரவு நிற்பதைவிடக் கூடுதல் பயன் கிடைக்கும் என்பது என் அபிப்பிராயம். இது அபிப்பிராயம்தான், அளந்து பார்த்த முடிவு அல்ல.

ஏழைகளைத்தான் மறிக்கிறார்கள் என்ற உங்கள் மனக்குறையை நான் தள்ளிவிடவில்லை. ஆளைப் பார்த்து மறித்தால் அந்தச் சோதனை இரண்டு வகையில் கெடுகிறது. கார்க்காரருக்குப் பயம் வராது, மோட்டார் சைக்கிள்காரருக்குக் கோபம் வரும். எல்லோரையும் ஊதச் சொல்லும் முறைக்கு நான் ஆதரவு தருவதற்குக் காரணம் அதுதான், அதில் முகத்தைப் பார்க்கிற வேலை இல்லை. பொத்துவில், அறுகம்பைப் பக்கம் வாடகை ஸ்கூட்டரில் சட்டையும் ஹெல்மெட்டும் இல்லாமல் போகிற வெள்ளைக்காரரையும் அதே வரிசையில் நிறுத்தினால் ஊர் ஆட்களின் முகத்தில் பாதிக் கோபம் இறங்கிவிடும். இன்னொன்று, மறிக்கும்போது தமிழில் இரண்டு வார்த்தை சொல்லத் தெரிந்த உத்தியோகத்தர் ஒருவர் அங்கே இருக்க வேண்டும். என்ன எழுதியிருக்கிறது என்று விளங்காத தாளில் கையெழுத்து வைத்தவர் எந்த நீதியையும் நம்பமாட்டார். உங்கள் வாக்குமூலத்தை உங்கள் மொழியில் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழிதான்.

80 என்ற எல்லையைப் பற்றியும் கேட்கலாம். உலக சுகாதார நிறுவனம் 50க்கு மேல் வேண்டாம் என்கிறது, புதிதாக ஓட்டுகிறவர்களுக்கு 20. இந்தியாவில் 30. எங்கள் எல்லை தாராளம். 79இல் இருக்கிற ஆள் சட்டப்படி சரி, ஆனால் கண்ணும் கையும் அவ்வளவு சரியாக இருக்காது. 50ஐத் தொடும் முன்னரே விபத்து ஆபத்து ஏறத் தொடங்கிவிடும்.

பலூனில் அகப்படாத மயக்கங்களும் உண்டு. இப்போது எனக்கு அதில்தான் கவலை அதிகம். ஐஸ் (மெத்தம்பெற்றமின்), கஞ்சா, தூள் (ஹெரோயின்) எதற்கும் குழாய் பச்சையாகாது. ஐஸ் அடித்தவர் இரண்டு இரவு முழித்திருந்துவிட்டு மூன்றாம் நாள் ஓட்டும்போது அப்படியே சரிவார். அதைப் பிடிக்க வைத்தியர் பரிசோதனையும், சிறுநீர் அல்லது இரத்த மாதிரியும் வேண்டும். அதிலும் சிக்கல் இருக்கிறது. கஞ்சா பாவித்த தடயம் சிறுநீரில் நாட்கணக்கில் நிற்கும், அது இருப்பதால் மட்டும் அந்த நேரத்தில் ஓட்டத் தகுதியில்லாமல் இருந்தார் என்று சொல்லிவிட முடியாது. தடிமனுக்குப் போடும் குளோர்பெனிரமின் குளிசைகூட நித்திரையைக் கொண்டுவரும். அதற்கு மேல் ஒரு பியர் போட்டால் இரண்டும் சேர்ந்து அடிக்கும். அப்புறம், நித்திரை முழிப்பு. 17 மணித்தியாலத்துக்கு மேல் தொடர்ந்து விழித்திருப்பவரின் கைகால் வேகம், 50 மில்லிகிராம் அற்ககோல் உள்ளவரின் அளவுக்கு மந்தமாகும் என்று ஆய்வில் கண்டிருக்கிறார்கள். கொழும்புக்கு இரவு வேனில் ஆட்களைக் கொண்டுபோய் விட்டு, பகலில் அங்கே அலைந்து, அன்றிரவே திரும்பி வருகிற சாரதிகளை நினைத்துப் பாருங்கள். எந்த பலூனும் அவர்களைப் பிடிக்காது.

பொலிஸாரால் செய்ய முடியாததை ஊர் செய்ததையும் ஒருமுறை பார்த்தேன். படுவான்கரையில் ஒரு கல்யாண வீடு, நானும் போயிருந்தேன். பந்தல் வாசலில் மாப்பிள்ளையின் தாய்மாமன் ஒரு கடகத்தை வைத்துக்கொண்டு கதிரையில் இருந்தார். மோட்டார் சைக்கிளில் வந்த ஆம்பிளைகள் எல்லோரும் திறப்பை அதில் போட வேண்டும். போகும்போது அவர் ஆளை ஏற இறங்கப் பார்ப்பார். திருப்தி இல்லையென்றால், "தம்பி, விடியப் போகலாம், பாய் போட்டிருக்கு" என்பார். சண்டை பிடித்தவர் ஒருவரும் இல்லை, ஏனென்றால் கேட்டது பெரியவர். பின் பக்கத்தில் பத்துப் பாய் விரித்துக் கிடந்தது. அவர்கள் காலை எத்தனை மணிக்குப் புறப்பட்டார்கள் என்பதுதான் என் மனதில் ஓடிய கேள்வி.

இனி உங்கள் மாமா. வழக்கு நாளைத் தவறவிட வேண்டாம், தவறினால் பிடியாணை வரும். சட்டத்தரணியிடம் ராத்திரி குடித்ததையும் காலையில் குடிக்காததையும் மறைக்காமல் சொல்லட்டும். மோட்டார் சைக்கிளில் சேதம் ஏதும் இருந்தால் காப்புறுதிக் காசை எண்ணியிருக்க வேண்டாம், குடித்து ஓட்டினால் சொந்தச் சேதத்துக்கு அவர்கள் பொதுவாகக் கொடுப்பதில்லை. இனிமேல் கல்யாண வீட்டில் அரைப் போத்தல் என்றால், மறுநாள் மத்தியானம் வரை வேறு யாராவது ஏற்றிப் போகட்டும். கடைசியாக ஒன்று, நீங்கள் எழுதாதது: அவருக்குச் சீனி வருத்தம் இருக்கிறதா, குளிசை போடுகிறாரா? இரவு நிறையக் குடித்தால் ஈரல் சீனி விடுவதைக் குறைத்துவிடும், குளிசையும் சேர்ந்தால் விடியக்காலையில்தான் சீனி விழும். அப்படியென்றால் வழக்கைவிட அவசரமான விஷயம் அது, இந்தக் கிழமைக்குள் கிளினிக்குக்குக் கூட்டிப் போங்கள்.